ஊர் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில்: சும்பா தீவில் வாழ்ந்து கற்றவை

சும்பாவில் ஊர் மேட்டில் இருக்கும், தண்ணீர் பள்ளத்தில் இருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அங்குள்ள கிராம வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும். ஆளைப் பிடித்து அடிமையாக விற்பது, ஊரோடு ஊர் தலைவெட்டிச் சண்டை போடுவது எல்லாம் அந்தத் தீவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்திருக்கின்றன. அதனால் முன்னோர்கள் எதிரி வருவது தூரத்திலேயே தெரிகிற குன்றுகளின் மேல் வீடு கட்டினார்கள், சுற்றிலும் கல்லடுக்கினார்கள். நிலமோ பவளச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை நிற்காமல் பாறை இடுக்குகளில் இறங்கிப்போய், எங்கோ ஒரு பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. சண்டைகள் ஓய்ந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் மூதாதையர் கல்லறைகளும் குலத்து வீடும் மேட்டில்தான் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டு யார் இறங்கி வருவார்கள்? பெண்களும் பிள்ளைகளும்தான் தினமும் இறங்கி ஏறுகிறார்கள்.

சும்பா இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில் இருக்கிறது. 11,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு, நான்கு மாவட்டங்கள். மேற்குப் பாதி ஓரளவு பச்சை. நான் இருந்தது கிழக்கு சும்பாவின் வடக்குக் கரையை ஒட்டிய ஹஹாரு பகுதியில். அங்கே டிசம்பரில் தொடங்கும் மழை மார்ச்சோடு முடிந்துவிடும். அப்புறம் எட்டு மாதம் வானத்தில் ஒன்றும் கிடையாது. ஜூலைக்குள் மலைமலையாகக் கிடக்கும் புல் அத்தனையும் வைக்கோல் நிறமாகிவிடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த அழகைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதே மாதத்தில் ஊருக்குள் ஒரு வாளித் தண்ணீரின் நிலைமை என்ன என்று கேட்பதில்லை.

நான் குடிநீர்த் திட்டம் போடும் ஒரு சின்னத் தொண்டு அமைப்பின் பொறியாளராக அங்கே போனேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவள் என்பதால் தண்ணீர்க் கஷ்டம் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் பக்கம் எவ்வளவு வறண்டாலும் என்றைக்காவது ஒரு டேங்கர் லாரி வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். இங்கே லாரி ஏறுகிற பாதையே பல ஊர்களுக்குக் கிடையாது. அந்த வாழ்க்கையைச் சற்று விரிவாகவும், அப்படியொரு ஊரில் போய்த் தங்க நேர்பவர்களுக்கு உதவும்படியாகவும் எழுதுகிறேன்.

ஊருக்குள் நுழைவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியாட்கள் 24 மணி நேரத்துக்குள் தெரியப்படுத்த வேண்டும் என்ற பலகை இந்தோனேசியா முழுக்கவே ஊர் வாசல்களில் தொங்கும். நகரத்தில் அது வெறும் பலகை. இங்கே அப்படி இல்லை. முதலில் ஊர்த்தலைவர் வீடு, பிறகு அந்தக் குடியிருப்பின் பெரியவர் வீடு, அப்புறம்தான் நாம் தங்கப்போகும் வீடு. இந்த வரிசை மாறக்கூடாது. தனியாகப் போய் நிற்காமல், ஊருக்குத் தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. அவர் யார் வழியாக உங்களை அறிமுகப்படுத்துகிறாரோ அந்தக் குடும்பத்து ஆளாகத்தான் கடைசிவரை ஊர் உங்களைக் கணக்கில் வைக்கும்.

எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் முதலில் பாக்குக் கூடை வரும். நமக்கும் வெற்றிலை பாக்கு தெரியும்தான், ஆனால் இங்கே வெற்றிலையைப் போடுவதில்லை. வெற்றிலைக் கொடியின் காயைப் போடுகிறார்கள். விரல் நீளத்துக்குப் பச்சையாக, திப்பிலியின் பெரிய அக்கா மாதிரி இருக்கும். பாக்கை வாயில் அடக்கிக்கொண்டு, அந்தக் காயைச் சுண்ணாம்புப் பொடியில் ஒரு தொடு தொட்டுக் கடிக்க வேண்டும். காரமும் உறைப்பும் காது வரை ஏறும். கூடையைத் தொடாமல் பேச்சை ஆரம்பித்தால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம். போடப் பழக்கமில்லை என்றால் கையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நம் பையிலும் எப்போதும் பாக்கும் காயும் இருக்க வேண்டும், நாமும் நீட்ட வேண்டும். நான் தங்கிய வீட்டுப் பெரியம்மா, யார் எவ்வளவு அவசரமாக வந்து நின்றாலும், "இந்தா, முதல்ல பாக்கைப் போடு, பேச்சு அப்புறம்" என்றுதான் சொல்வார். கொஞ்சம் நெருங்கிவிட்டால் மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்பார்கள். அது அங்குள்ள வழக்கம், பின்வாங்கக் கூடாது.

ஆண்கள் எல்லோர் இடுப்பிலும் உறையோடு ஒரு நீள அரிவாள் இருக்கும். முதலில் பார்க்கும்போது திடுக்கென்று இருக்கலாம். விறகு வெட்ட, வேலி கட்ட, இளநீர் சீவ என்று எல்லாவற்றுக்கும் அதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருட்டிய பிறகு சாலையில் போகாதீர்கள் என்று ஊரார் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். கால்நடைத் திருட்டு அங்கே தீராத பிரச்சனை. ராத்திரியில் தெரியாத வண்டிச் சத்தம் கேட்டால் ஊரே எழுந்து வரும். அதோடு குதிரையும் மாடும் நடுச்சாலையில் படுத்துக் கிடக்கும்.

இனி தண்ணீர். அக்டோபர் மாதத்தில் எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே நாள் ஆரம்பித்துவிடும். பெரியம்மாவும் மருமகளும் முன்னே, பிள்ளைகள் பின்னே, கையில் சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் கேன்கள். சின்னவர்களுக்கு 5 லிட்டர், பெரியவர்களுக்கு 20 லிட்டர். இறங்கும் பாதை முழுக்கக் கூர் கூரான பவளக் கல், செருப்பையே கிழித்துவிடும். கீழே ஊற்று என்பது பாறைக்கு அடியில் ஒரு அண்டா அளவு குழி, அவ்வளவுதான். நாலைந்து பேர் மொண்டால் தரை தெரியும், மறுபடி ஊறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கொட்டாங்கச்சியால் மொண்டு, கலங்காமல் கேனில் ஊற்றுவதில் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் நிதானம் என்னைத் திகைக்க வைத்தது. ஒரு சொட்டு வெளியே போகாது. குதிரை வைத்திருக்கும் வீடுகளில் முதுகின் இருபுறமும் கேன்களைக் கட்டி ஏற்றுவார்கள். மற்றவர்கள் தலையில்தான், 20 கிலோவோடு செங்குத்தாக ஏற வேண்டும்.

ஆறு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் சேர்ந்தால் நல்ல நாள். பேரிடர் முகாம்களுக்கே ஆளுக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம் என்று உலக அளவில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இவர்கள் முகாமில் இல்லை, சொந்த வீட்டில் இருக்கிறார்கள், வருடா வருடம் இப்படித்தான் இருக்கிறார்கள். அரிசி கழுவிய தண்ணீர் பன்றிக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பையோடு ஒரு கேன் தண்ணீரும் போகும், இல்லாவிட்டால் அங்கே கழிப்பறை கிடையாது.

விருந்தாளியாகப் போகிறவர் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்: வீட்டுத் தண்ணீரில் குளிக்கக் கூடாது. அவர்கள் வற்புறுத்துவார்கள், வாளியில் நிரப்பியே வைத்துவிடுவார்கள். ஊற்றுக்கு இறங்கிப்போய் அங்கே குளித்துவிட்டு, ஏறும்போது ஒரு கேனும் தூக்கி வருவதுதான் முறை. ஒரு வாரம் அப்படிச் செய்தால் ஊர்ப் பெண்கள் உங்களோடு பேச ஆரம்பிப்பார்கள். ஊரின் உண்மையான செய்திகள் எல்லாம் அந்தக் குழியைச் சுற்றித்தான் பேசப்படும். எந்தக் கூட்டத்திலும் அவற்றைக் கேட்க முடியாது. குடிக்கும் தண்ணீரைக் கண்டிப்பாகக் கொதிக்க வைக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் என்பதால் கொதித்ததும் வெள்ளையாக மண்டி இறங்கும். ஆறவிட்டு மேலாகத் தெளிந்ததை எடுத்துத் துணியில் வடிகட்டினால் போதும்.

ஊற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றப் பம்பு வைக்கும் கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட ஊர்களில் காய்ந்துபோன தொட்டிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பளிச்சென்று பெயர்ப்பலகையோடு தொட்டி நிற்கும், குழாயைத் திறந்தால் பல்லி ஓடும். யாரோ நல்ல எண்ணத்தோடு செலவு செய்து கட்டியதுதான். மூன்றாவது வருடத்தில் ஒரு சின்னப் பாகம் போயிருக்கும், அதை எங்கே வாங்குவது, யார் பணம் போடுவது என்று யாருக்கும் தெரியாமல் அப்படியே விடப்பட்டிருக்கும்.

தொழில்நுட்பத்தில் அங்கே அடிக்கடி இடறுவது குழாய்தான். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கூடும். 80, 90 மீட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் அடிப்பகுதிக்கு அதைத் தாங்கும் தடிப்பான குழாய் வேண்டும், மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரணக் குழாயைப் போட்டால் முதல் மாதமே வெடிக்கும். அடுத்தது தீ. வறட்சிக் காலத்தில் புதுப்புல் முளைக்கட்டும் என்று புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். அது இரவெல்லாம் மலை தாண்டி எரியும். தரைமேல் ஓடும் பிளாஸ்டிக் குழாய் அதில் மெழுகாக உருகிவிடும். மண் இருக்கும் இடத்தில் புதைக்க வேண்டும். பாறையில் புதைக்க வழியில்லாத இடத்தில் இரும்புக் குழாய், இருபக்கமும் புல்லைச் செதுக்கிய பாதை. செதுக்கும் வேலையை ஜூன் மாதமே முடித்துவிட வேண்டும். பம்பின் உள்ளே சுண்ணாம்பு கல்லாகப் பிடிக்கும். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்ய ஊரில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் போதாது, அந்த ஒருவர் பாலிக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். வேலை கற்றுக்கொண்ட இளைஞன் ஊரைவிட்டுப் போய்விட்ட இடங்களில், பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் இன்றைக்கும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் நின்றால் நடக்க வேண்டியவள் அவள், அவளுக்கு அதைச் சரிசெய்யும் அவசரம் இருக்கிறது.

ஊருக்குள் தண்ணீர் பிடிக்கும் குழாயை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான சிக்கல். சும்பாவில் பிரபு வம்சம், சாதாரணக் குடிகள், பரம்பரையாகப் பிரபு வீடுகளுக்கு உழைக்கும் குடும்பங்கள் என்று படிநிலை இன்னும் இருக்கிறது. சட்டத்தில் இல்லை, ஆனால் யார் எங்கே உட்காருவது என்பதில் இருக்கிறது. பெரிய வீட்டு வாசலில் குழாய் வைத்தால் சிலர் அங்கே வரவே கூச்சப்படுவார்கள். வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். அதனால் குழாய் வைக்கும் இடத்தை ஊர்க்கூட்டத்தில் மட்டும் தீர்மானிக்காமல் பெண்களோடு நடந்துபோய்க் கேட்க வேண்டும், அதிலும் கடைசி வரிசை வீட்டுப் பெண்களை முதலில் கேட்க வேண்டும்.

ஊற்று ஒரு குலத்துக்குச் சொந்தம். மராப்பு என்பது சும்பாவின் பழைய மதம், மூதாதையர் வழிபாடு. அதன்படி ஊற்றைத் தொடும் முன் அந்தக் குலத்துப் பூசாரி கோழி அறுத்து, குடலைப் பார்த்து, அனுமதி கிடைத்ததா என்று சொல்வார். இதை வேலைக்கு முந்தைய சடங்கு என்று அவசரமாக முடிக்கப் பார்க்கும் திட்ட அதிகாரிகள் உண்டு. நான் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். எல்லாக் குலமும் கூடியிருக்கும் இடத்தில், ஊற்றுக்கு உரிமைப்பட்டவர்கள் இந்தத் தண்ணீரை எல்லோருக்கும் விடுகிறோம் என்று மூதாதையர் பெயரால் சத்தமாகச் சொல்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகம் செய்கிற வேலை அது. அப்படிச் சொன்ன பிறகு நாளைக்கு யாரும் இது என் தண்ணீர் என்று குழாயை மூட முடியாது.

பணம்? 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் வந்த பிறகு, 2015 முதல் இந்தோனேசியாவின் ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய அரசு நேரடியாக நிதி அனுப்புகிறது. 2024இல் அது சராசரியாக ஒரு கிராமத்துக்கு 100 கோடி ருபியாவுக்குப் பக்கம் இருந்தது, நம் பணத்தில் ஏறத்தாழ அரைக்கோடி ரூபாய். அதை எதற்குச் செலவழிப்பது என்று வருடாந்திரத் திட்டக் கூட்டத்தில் பேசுவார்கள். பம்புப் பராமரிப்புக்கு என்று ஒரு வரி அதில் ஏறிவிட்டால் பெரிய பலம். வீட்டுக்கு வீடு மாதச் சந்தாவும் வேண்டும், சின்னத் தொகையானாலும் சரி. அறுவடை முடிந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு மாதா மாதம் கேட்பதைவிட நன்றாக நடக்கிறது, ஏனென்றால் ஜனவரியில் யார் கையிலும் காசு இருக்காது. ஊர்த்தலைவரின் பதவிக்காலம் 2024 சட்டத்திருத்தத்தால் 8 வருடமாகியிருக்கிறது. அவருக்கும் தண்ணீர்க் கமிட்டிக்கும் ஒத்துப்போகாவிட்டால் காலம் நீளும் என்பதையும் யோசித்துத்தான் கமிட்டியை அமைக்க வேண்டும்.

ஜனவரி என்றேனே, அதுதான் அங்கே பசிக்காலம். மழை வந்து சோளம் விதைத்தாகிவிட்டது, கதிர் வர மார்ச் ஆகும், போன வருடத்துச் சோளம் தீர்ந்துவிட்டது. அடுப்புக்கு மேலே பரணில் மட்டையோடு கட்டித் தொங்கவிட்ட கதிர்கள்தான் வீட்டின் சேமிப்பு. புகை படிந்து கருத்திருப்பதால் வண்டு ஏறாது. அதை அண்ணாந்து பார்த்தாலே அந்த வீடு மார்ச்சைத் தொடுமா என்று தெரிந்துவிடும். தொடாத வீடுகளில் காட்டுக்குப் போவார்கள். ஈவி என்று ஒரு காட்டுக்கிழங்கு உண்டு. அப்படியே தின்றால் விஷம், ஆளைக் கொன்றுவிடும். தோலைச் சீவி, காகிதம்போல மெல்லிசாக நறுக்கி, ஓடும் தண்ணீரிலோ கடல் நீரிலோ நாள்கணக்கில் ஊறவைத்து, பிழிந்து, காயவைத்த பிறகுதான் சமைப்பார்கள். பெரியம்மா ஒரு துண்டை எடுத்து நுனிநாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே பானையில் போட அனுமதிப்பார். அந்த அறிவு எத்தனையோ தலைமுறையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்த்து, நாளிதழ்க்காரர்கள் பரிதாபமாக எழுதும்போது எனக்குக் கோபம் வரும். பரிதாபப்பட வேண்டியது சோளம் ஏன் மார்ச் வரை வரவில்லை என்பதற்கு. 2020க்கும் 2022க்கும் இடையில் வெட்டுக்கிளிக் கூட்டம் கிழக்கு சும்பாவின் வயல்களைத் திரும்பத் திரும்பத் தின்றுவிட்டுப் போனது. நடுவில் 2021 ஏப்ரலில் செரோஜா புயல் வந்து கம்பனீரு அணையை உடைத்துப்போட்டது, அதை நம்பியிருந்த நெல் வயல்கள் தண்ணீர் இல்லாமல் நின்றன. ஒரு குடும்பம் அதற்கெல்லாம் என்ன செய்துவிட முடியும்?

பசிக்காலத்தில் அங்கே போகிறவர்கள் தங்கள் அரிசியைத் தாங்களே கொண்டுபோக வேண்டும், தங்கும் வீட்டுக்கும் சேர்த்து. அதைச் சமையலறை வாசலில் வீட்டுப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும், திண்ணையில் ஆண்கள் முன்னால் கொடுக்கக் கூடாது. விருந்தாளிக்குக் கோழி அறுப்பது அவர்கள் கௌரவம். வேண்டாம் என்றால் மனம் நோகும், சரி என்றால் அந்த வீட்டின் முட்டை போச்சு. சைவம் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே, கோழி பிடிக்கப் போகும் முன், இது எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லிவிட்டால் நல்லது. முன்னோர் வழக்கம் என்ற காரணத்தை அவர்கள் உடனே மதிப்பார்கள். சோளமும் பயறும் சேர்த்துக் குழைய வேகவைத்த சாப்பாடும் முருங்கைக்கீரையும் நம் நாக்குக்கு ஒன்றும் அந்நியமில்லை.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2022இன் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இந்த மாகாணத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 21.6. மாதம் ஒருமுறை போஸ்யாண்டு என்ற தாய்சேய் நல முகாம் நடக்கும். தொங்கும் தராசில் துணித் தொட்டில் கட்டி, குழந்தையை உட்கார வைத்து எடை பார்ப்பார்கள். ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக நடத்துகிறார்கள், கிடைக்கும் ஊக்கத்தொகை சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. எடை அட்டையில் கோடு எந்த மாதத்தில் சரிகிறது என்று பாருங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் மிகத் தொலைவாகிற மாதங்களிலும் பசிக்காலத்திலும் அது சரிந்தது. தாய் மூன்று முறை பள்ளத்துக்கு இறங்கி ஏறினால் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் எங்கிருந்து வரும்? கை கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் வயிற்றுப்போக்கு எப்படி நிற்கும்? சத்துமாவு கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். ஆனால் தண்ணீரை வாசலுக்குக் கொண்டுவராமல் அந்தக் கோடு நிமிராது என்பதை நான் அந்த அட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் சோதிக்க வேண்டும். இந்தோனேசியாவில் பப்புவாவைத் தவிர்த்துப் பார்த்தால் மலேரியா இன்னும் அதிகமாக இருக்கும் இடங்களில் சும்பாவும் ஒன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையமான புஸ்கெஸ்மாஸில் சோதனையும் மாத்திரையும் இலவசம். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிடும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். விவாக்ஸ் வகை மலேரியா என்றால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் முழுசாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சில வாரத்திலோ மாதத்திலோ மறுபடி வரக்கூடும். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கூடாது. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறவர்களுக்கும் ஆபத்து, அதனால் கிளம்பும் முன் நம் ஊரிலேயே அந்தச் சோதனையைச் செய்து முடிவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. மருந்து தடவிய கொசுவலை வாங்கிப்போங்கள். கூடவே பெரியம்மா வீட்டுக்கும் ஒன்று.

பிரசவத்தை மருத்துவ வசதியுள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்று மாகாண அரசு 2009லிருந்து வலியுறுத்தி வருகிறது. அதனால் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன, சந்தேகமே இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ஓடை பெருகிவிட்டால் வண்டி தாண்டாது. தேதி நெருங்கும் முன்பே கர்ப்பிணியைச் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தங்க வைக்க வேண்டும், அதற்குச் சாப்பாட்டுச் செலவு யார் பார்ப்பது என்பதை ஆறாம் மாதமே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் இதற்காகவே சீட்டு மாதிரி ஒன்று நடத்தினார்கள்.

கல்யாணத்தையும் சாவையும் பற்றி வெளியாட்கள் நிறைய அறிவுரை சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் குதிரையும் எருமையும் மாமுலி என்ற தங்க ஆபரணமும் கொடுக்க, பெண் வீட்டார் நெய்த துணியும் பன்றியும் திருப்பிக் கொடுப்பார்கள். இறந்தவரை ஹிங்கி என்ற நெசவுத் துணிகளில் அடுக்கடுக்காகச் சுற்றி, அடக்கத்துக்கு வேண்டிய கால்நடை சேரும்வரை வீட்டிலேயே வைத்திருப்பார்கள், சில சமயம் வருடக்கணக்கில். இதனால் கடன் ஏறுவதும் பிள்ளையின் படிப்பு நிற்பதும் உண்மை. அதைப் பற்றி அந்த ஊர் இளைஞர்களே கடுமையாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியவர்களும் அவர்கள்தான். நான் கவனித்த இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். வங்கி இல்லாத ஊரில் யார் யாருக்கு எருமை கொடுத்தார் என்ற கணக்குதான் காப்பீடு. வயல் பொய்த்த வருடம், அந்தக் கணக்கை வைத்துத்தான் இன்னொரு பள்ளத்தாக்கிலிருந்து சோள மூட்டை வரும். நமக்குச் சாவு சொல்லி அனுப்பினால், பணமாகக் கொடுக்காமல் அரிசியும் சர்க்கரையும் காப்பித்தூளும் வாங்கி, நாம் சேர்ந்திருக்கும் குடும்பத்தின் வரிசையோடு எடுத்துப்போக வேண்டும்.

அந்தத் துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு நிறம் நுணா வேரிலிருந்து வருகிறது, நீலம் அவுரியிலிருந்து. நூலைக் கட்டிக் கட்டிச் சாயத்தில் முக்கி, குதிரையும் மானும் மண்டையோடுகள் தொங்கும் மரமும் நூலிலேயே வரும்படி நெய்கிறார்கள். நல்ல ஹிங்கி ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். சாயம் முக்கவும் அலசவும் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கினால் நெய்தவர் கையிலிருந்து வாங்குங்கள், விலையை அடித்துப் பேசாதீர்கள்.

காகித விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில் மராப்பு என்று போட முடியாமல் இருந்ததால் பதிவுத் திருமணமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் சிக்கலாகின. பள்ளியில் சேர்வதற்காகவே கிறிஸ்தவப் பெயர் வாங்கியவர்கள் அநேகம். 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், பாரம்பரிய நம்பிக்கை உள்ளவர்களும் அட்டையில் அதைக் குறிப்பிடலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் சும்பாவின் மராப்பு நம்பிக்கையாளர் ஒருவரும் உண்டு. ஆனாலும் தீர்ப்பு தானாக நடந்து மேட்டுக்கு ஏறி வராது. ஊரில் வேலை செய்பவர்கள், யாரிடம் அட்டை இல்லை, எந்தக் குழந்தைக்குச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, பத்துப் பதினைந்து பேராகச் சேர்த்து ஒரே லாரியில் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது மிக நல்ல உதவி. அட்டை இல்லாவிட்டால் அரசு மருத்துவக் காப்பீடும் கிடையாது.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீவு முழுவதையும் 2020க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற்றுவோம் என்று 2010இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது, இலக்கை எட்டவில்லை. சூரியத் தகடுகள் நிறைய வந்தன, பேட்டரி மாற்ற ஆளில்லாமல் பாதி நின்றன. நல்ல கைவிளக்கு ஒன்றும், தகட்டில் மின்னேற்றும் சின்ன பேட்டரியும் எடுத்துப்போங்கள். போன் சிக்னல் ஊருக்கு ஊர் ஒரு மரத்தடியிலோ பாறையிலோ கிடைக்கும். டெல்கோம்செல் சிம் வாங்குங்கள், மற்றவை பெரும்பாலும் எடுக்காது. பெட்ரோல் பெட்டிக்கடையில் பாட்டிலில் கிடைக்கும். அதே கடையில் வங்கி முகவர் பலகை தொங்கினால் கொஞ்சம் பணமும் எடுக்கலாம்.

போகும் வழி: பாலியின் டென்பசாரிலிருந்தோ மாகாணத் தலைநகர் குப்பாங்கிலிருந்தோ கிழக்கு சும்பாவின் தலைநகர் வைங்காப்புவுக்கு விமானம், அங்கிருந்து பலகை போட்ட லாரி அல்லது வாடகை மோட்டார் சைக்கிள். முதல் முறை போகிறவர்களுக்கு மே, ஜூன் நல்லது. அறுவடை முடிந்து வீடுகளில் சோளம் இருக்கும், ஊற்றிலும் தண்ணீர் இருக்கும். ஆனால் தண்ணீர்த் திட்டத்துக்காகப் போகிறவர்கள் அக்டோபரில் போய் ஊற்றை அளக்க வேண்டும், அப்போது ஊறுவதுதான் கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் கடல் கொந்தளித்துப் படகுப் போக்குவரத்து நின்றுபோகும். ஜாவாவின் சுரபாயாவிலிருந்து வர வேண்டிய பம்புப் பாகம் துறைமுகத்திலேயே கிடக்கும். வால்வு, ரப்பர் வளையம், ஒரு மாற்று மோட்டார் இவற்றை நவம்பருக்குள் ஊரில் இறக்கிவைத்து, சாவியைப் பம்பைச் சரிசெய்யக் கற்ற இரண்டு பெண்களிடம் கொடுத்துவிட வேண்டும்.